நம்பிக்கைகளும் உண்மைகளும்: தாத்தா சுட்ட துப்பாக்கியைப் பேரன் சுடலாமா?

போன ஆயுத பூஜைக்கு, நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி படத்துக்கு முன்னால் மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பேனர் செட், பையனுடைய லேப்டாப் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் வெள்ளைத் துண்டின் மேல் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. குழலில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம், கட்டையைச் சுற்றி மல்லிகைச் சரம். தாத்தா வாங்கியது, அப்பா வைத்திருந்தது. அப்பா காலமான பிறகு வாரிசு என்ற முறையில் மனுப்போட்டு, நண்பர் தன் பெயருக்கு லைசன்ஸ் வாங்கியிருக்கிறார். தீபாராதனை முடிந்து சுண்டலைக் கையில் கொடுத்தபடியே கேட்டார்: "அண்ணே, நல்லாத்தானே இருக்கு? மலையடிவாரத்துத் தோட்டத்துல வச்சு ஒரு ரவுண்டு சுட்டுப் பாத்துருவமா?"

வேண்டாம் என்றேன். உடனே கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி, அது நல்ல துப்பாக்கிதான் என்று சாதித்தார்கள். அன்றைக்குக் கேட்ட பேச்சுகளையும், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல வருடங்களாகக் கேட்டுவரும் பேச்சுகளையும் இங்கே எடுத்து வைக்கிறேன். எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. என் பெரியப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அதற்குக் கீழே வருகிறேன்.

"தாத்தா இதுலதான் சுட்டாரு, ஒண்ணும் ஆகல."

தாத்தா சுட்டார், சரி. எதைப் போட்டுச் சுட்டார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலம் வரை தோட்டாவுக்குள் இருந்தது கரிமருந்து. புகையில்லாத நைட்ரோ மருந்து அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டும் எரிகிற விதம் வேறு, குழலுக்குள் அழுத்தம் எழும்புகிற விதமும் வேறு. கரிமருந்தை மனத்தில் வைத்துச் செய்த குழல், இன்று கடையில் விற்கும் தோட்டாவைத் தாங்கும் என்பதற்குத் தாத்தாவின் அனுபவம் சாட்சி சொல்லாது.

அதைவிட முக்கியமானது, அவர் சுட்டபிறகு கழிந்த காலம். கரிமருந்தின் கசடும், பழைய தோட்டாக்களின் அடியில் இருந்த கேப் வெடித்து விட்டுச்செல்லும் உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, துணியால் உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் உட்சுவரில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். தாத்தா கடைசியாகச் சுட்ட சாயங்காலம் அதைச் செய்தாரா என்று சொல்ல இன்று வீட்டில் யாரும் இல்லை. பிறகு தோல் உறை. பத்திரம் என்று நினைத்து வருடக்கணக்கில் உறைக்குள் போட்டு வைக்கிறோம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும். தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் துப்பாக்கிகளும் அதே உறையில்தான் போய் வருகின்றன. பூஜைக்கு முதல் நாள் பூசும் நல்லெண்ணெயும் துணை செய்வதில்லை. நாள்பட்டால் அது பிசினாகித் துப்பாக்கிக் குதிரையின் உள்வேலைகளில் ஒட்டிக்கொள்ளும். கேப்பைக் குத்தும் ஊசி முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொண்டால், தோட்டா போட்டுக் குழலை மூடும்போதே வெடிக்கலாம்.

"வெளியில பளபளன்னு இருக்கு, கையில எடுத்தா கனமா இருக்கு" என்பது அடுத்தது. வெளிப்பூச்சைப் புதிதாகப் போட முடியும். உள்ளேயும் பளபளப்பாக இருக்கிறதே என்றால், அப்போதுதான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். குழி விழுந்த குழலை உள்ளே தேய்த்து மினுக்கி விற்பது பழைய வழக்கம். குழி போய்விடும், கூடவே சுவரின் கனமும் போய்விடும். நல்ல துப்பாக்கிக் குழலின் சுவரே நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும். பாதி மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் அனுபவமுள்ளவர்கள் கையெடுத்துவிடுவார்கள். இந்த வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. சுவரளவு பார்க்கும் கருவிக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு ஒரு பெரியவர் குழலைத் தனியே கழற்றி, நூலில் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டிக் காட்டினார். கோயில் மணி மாதிரி ஒலித்தது. "பாத்தியா, கீறல் இருந்தா இப்படிக் கேக்குமா?" என்றார். அவர் செய்தது உண்மையில் துப்பாக்கிக்காரர்கள் செய்யும் சோதனைதான். அது சொல்லும் செய்தி வேறு. இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் நடுப்பட்டை, ஈயப்பற்று விடாமல் ஒட்டியிருக்கிறதா என்பதை அந்த ஒலி சொல்லும். பற்று விட்டிருந்தால் உடைந்த பானையைத் தட்டியது போலக் கேட்கும். சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

"பாம்புச்சட்டை மாதிரிக் கோலம் இருக்கே, இது டமாஸ்கஸ் எஃகு. வெடிக்கவே வெடிக்காது."

இப்படி ஒருவர் சொல்ல, பட்டாளத்திலிருந்து வந்த இன்னொருவர் "டமாஸ்கஸ்னா கட்டாயம் வெடிக்கும்" என்று மறுத்தார். இரண்டு பேருமே அவசரப்பட்டுவிட்டார்கள்.

டமாஸ்கஸ் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு பெருமை வருகிறது, அதற்கு நியாயமும் உண்டு. மூசையில் உருக்கி எடுத்த எஃகு நம் மண்ணின் தொழில். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலைகளின் தடயங்களே கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய உருக்கு மேற்கே போய், புகழ்பெற்ற வாள்களாக வடிவெடுத்தது. ஆனால் வாளில் தெரியும் நெளிவும் துப்பாக்கிக் குழலில் தெரியும் நெளிவும் ஒரே வழியில் வந்தவை அல்ல. வாளின் கோலம் ஒரே உருக்குக் கட்டியின் உள்ளிருந்து எழுவது. குழலின் கோலமோ, இரும்பையும் எஃகையும் மெல்லிய கம்பிகளாக அடுக்கி, கயிறு திரிப்பது போல முறுக்கி, பட்டையாக அடித்து, அந்தப் பட்டையை ஓர் உருளையின் மேல் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி ஒட்டியதால் வந்தது. பெல்ஜியத்தின் லியேஜிலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் இது பெருந்தொழிலாக நடந்தது. அந்தக் குழலின் நீளம் முழுக்க ஒட்டுகள். ஏதாவது ஓர் ஒட்டுக்குள் இரும்புக் கசடு மாட்டியிருந்தால் அங்கே துரு நுழையும். அது எந்த ஒட்டு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அதே சமயம், நல்ல கைகளில் உருவாகி, ஒழுங்காகப் பராமரித்து, நைட்ரோ மருந்துக்கான சோதனையிலும் தேறிய டமாஸ்கஸ் குழல்கள் இருக்கின்றன. மட்டமான சாதா எஃகுக் குழலில் கோலத்தை மட்டும் வரைந்து விற்றதும் நடந்திருக்கிறது. ஆகவே கோலத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். குழலை அளந்துதான் தீர்ப்பு.

அளப்பதற்கு முன் படிக்க வேண்டியது முத்திரை. குழலைக் கழற்றித் திருப்பினால், அடியில் தட்டையான பகுதியில் சின்னச் சின்னதாக அடித்திருக்கும். லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் கம்பெனி 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமில் 1813 முதல் சட்டப்படி ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்தால் சுட்டு, தாங்கிய குழலுக்கே முத்திரை. கிரீடத்தின் கீழ் 'என்.பி.' என்றோ, 'நைட்ரோ புரூஃப்' என்றோ இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. அது இல்லாமல் 'நாட் ஃபார் பால்' என்று இருந்தால், 1887க்கு முந்தைய கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கி உங்கள் கையில் இருக்கிறது. 'ஒற்றைக் குண்டு போடாதே' என்பது அதன் பொருள்.

முத்திரையோடு அன்றைய உள்விட்டமும் குழலிலேயே பதிவாகியிருக்கும். இன்றைய விட்டம் அதைவிட ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலம் கூடியிருந்தால்கூட, இடையில் யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முத்திரை அத்தோடு செல்லாது. தாத்தா காலத்துச் சான்றிதழ் தாத்தா காலத்துக் குழலுக்குத்தான்.

"12 போர்தானே? எந்த 12 போர் தோட்டாவும் சேரும்."

நான் அதிகம் பயப்படுவது இந்த நம்பிக்கைக்குத்தான். படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். 12 என்பது ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அந்த அளவு, ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். குழலின் விட்டத்தை அது சொல்கிறது. தோட்டா உட்காரும் அறையின் நீளத்தைச் சொல்வதில்லை. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் அந்த அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இன்றைய கணக்கில் 65 மி.மீ. என்பார்கள். இன்று பரவலாக இருப்பது 70 மி.மீ. தோட்டா.

எழுபது எப்படி அறுபத்தைந்துக்குள் போகும், போகாதே என்று நினைப்போம். சிரமமே இல்லாமல் போகும். தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் வாய் மடித்திருப்பதால் அது 58 மி.மீ. அளவே இருக்கும். அறைக்குள் கச்சிதமாக உட்காரும், குழலும் அழகாக மூடிக்கொள்ளும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிகிறது. விரிய இடம் இல்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் கழுத்துக்குள் நீட்டிக்கொள்கிறது. ரவையும் அடைப்பும் அந்த இறுகிய வாய் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அழுத்தம் எகிறும். முதல் தோட்டாவில் ஒன்றும் ஆகாமல் போகலாம், பத்தாவதிலும் ஆகாமல் போகலாம். மெலிந்த பழைய குழல் எத்தனையாவது தோட்டாவில் விடும் என்று கணக்குச் சொல்ல ஆள் இல்லை. 'சேருது' என்பதும் 'பொருந்துது' என்பதும் வேறு வேறு.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் 20 போர் தோட்டா ஒன்றுகூட 12 போர் தோட்டாவோடு கலந்து கிடக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி போலத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது உலக வழக்கமானதே இதனால்தான்.

இப்போது பெரியப்பா. சமணர் மலைக்குப் பின்பக்கம் சோளக்கொல்லை வைத்திருந்தார். லைசன்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி, திண்ணைச் சுவர் ஆணியில் மாதக்கணக்கில் தொங்கும். கதிர் முற்றும் நாளில் கிளிக்கூட்டத்தை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். அந்த வருடம் குழலின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பின்னால் தோட்டா போடும் இடத்தைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. முன்வாயைப் பார்க்கவில்லை. சுட்டதும் இடது கை பிடித்திருந்த இடத்துக்குச் சற்று முன்னால் குழல் வாழைப்பூ மடல் போல விரிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அது நல்ல துப்பாக்கி. பழசுகூட இல்லை. ஒரு பிடி மண் போதுமானதாக இருந்தது. குழலைக் கழற்றி வெளிச்சத்தைப் பார்த்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வட்டமாக ஒளி தெரிகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும்.

"புளியமரத்துல கட்டி, கயித்தக் கட்டித் தூரத்துலருந்து ஒரு தடவ இழுத்துப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

தெரியாது. சோதனைக்கூடத்தில் வழக்கமான அழுத்தத்தைவிடச் சுமார் கால்பங்கு கூடுதலாகக் கொடுத்துச் சுடுகிறார்கள். சுடுவதற்கு முன்பும் பின்பும் குழலை அளக்கிறார்கள், வீக்கம் உண்டா, வெடிப்பு உண்டா, பூட்டு தளர்ந்ததா என்று பார்க்கிறார்கள். மரத்தில் கட்டிச் சுட்டால் அளவும் இல்லை, பார்வையும் இல்லை. அந்த ஒரு வெடியில் மயிரிழைக் கீறல் விழுந்து, அடுத்த வெடிக்கு நீங்கள் தோளில் வைக்கும்போது அது திறக்கலாம். சட்டப்படியும் இது சிக்கல். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் கேட்கிறது.

அதே பிரிவு லேத் பட்டறைக்கும் கொல்லுப் பட்டறைக்கும் பொருந்தும். "நம்ம பையன்தான், ஒரு வெல்டிங் வச்சுக் குடுத்துருவான்" என்று கேட்டிருக்கிறேன். குழலைச் சூடேற்றினால் அதன் வலு போகும், பக்கத்துப் பற்றும் இளகும். உரிமமில்லாமல் பழுதுபார்த்தவருக்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள் வரை போகலாம். நமக்கு உதவி செய்ய வந்த பட்டறைப் பையனின் வாழ்க்கையை இதில் மாட்டிவிடாதீர்கள்.

நாட்டுத் துப்பாக்கி தனிக் கதை. வாய்வழியே மருந்து போட்டுக் கோலால் கிட்டித்துச் சுடும் வகை. நரிக்குறவர் குடும்பங்களிலும் ஜவ்வாது மலை, கொல்லிமலை ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. நம் பக்கம் பழைய வீட்டுப் பரணிலும் சிலசமயம் அகப்படும். "அதுல தோட்டாவே கிடையாதே, வெறும் இரும்புக் குழாய்" என்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். இந்த வகையில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று திறந்து பார்க்க வழியில்லை. யாரோ எப்போதோ கிட்டித்து வைத்து, சுடாமலேயே மறந்திருக்கலாம். ஈரம் படாத கரிமருந்துக்கு வயதாவதில்லை. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். அந்தப் போர் முடிந்தது 1865இல்.

பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் கேப் வைக்கும் முனையில் கேப் இல்லை என்று முதலில் பாருங்கள். முகமோ உள்ளங்கையோ குழல்வாய்க்கு நேரே வராமல், ஒரு மரக்கோலை உள்ளே விட்டு எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். அதே கோலை வெளியே குழலோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கேப் துவாரத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. கிளறாதீர்கள், தீ காட்டாதீர்கள். தரையில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

"சிவகாசி மருந்து போட்டாலும் வெடிக்கும்" என்பதற்கும் இங்கேயே பதில். வெடிக்கும், குழலோடு சேர்த்து. பட்டாசு மருந்து கணப்பொழுதில் வெடித்துத் தீர்வதற்காகக் கலந்தது. ரவையை நெட்டித் தள்ளுவதற்காகக் கலந்தது அல்ல.

கடைசியாக, "பழங்காலத்துப் பொருள், இதுக்கு லைசன்ஸே வேணாம்." பாதி கேட்டு மீதி விட்ட பேச்சு இது. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பது அந்த விலக்கின் நிபந்தனை. 'சுட்டுப் பார்க்கலாமா' என்று கேட்கிற நிலையில் உள்ள எந்தத் துப்பாக்கிக்கும் அது பொருந்தாது. லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் வீட்டார் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, பிறகு வாரிசு லைசன்ஸுக்கு மனுப்போட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் பிறர் உயிருக்கு ஆபத்தாக வெடி போட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய லைசன்ஸ் தோட்டத்துக்கு வரும் மயிலையும் பன்றியையும் சுட அனுமதி ஆகாது. அவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

நண்பரின் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கே குழலைக் கழற்றி இருவரும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். பர்மிங்காம் முத்திரை இருந்தது, நைட்ரோ முத்திரை இல்லை. அவர் பெட்டியில் வைத்திருந்த தோட்டாக்கள் 70 மி.மீ. அடுத்த வாரம் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். வலது குழலில் நடுவாக்கில் சுவர் பாதி மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. நடுப்பட்டைக்கு அடியில் துருவும் இருந்தது. இனி இதைச் சுடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். நண்பருக்கு வருத்தம்தான், தாத்தா கைபட்ட பொருள். ஆனால் அதை வைத்திருப்பதற்குச் சுட்டாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வைத்திருக்கிறார். தோட்டாக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வருகிற ஆயுத பூஜைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு துப்பாக்கியை எடுத்து வைப்பீர்களானால், சந்தனம் வைப்பதற்கு முன் குழலைத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். திறந்த நிலையிலேயே படத்துக்கு முன்னால் வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அதை விட்டு நகராதீர்கள்.